தராசு பதில் தரவில்லை

ஞாயிறு இரவு. உருகுவேயின் சால்டோ நகரம்.
கம்பளி கழுவும் ஆலையில் ஆளில்லை.
ஈரக் கம்பளியின் ஆட்டு வாடை மட்டும்
கணக்கர் அறை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.
படிக்கட்டின் அடியில், துடைப்பங்களுக்குப் பக்கத்தில்
பதின்மூன்று வயதுச் சர்வர்
மூச்சிரைக்கிறது.

வெள்ளிக்கிழமை அப்டேட் இறங்கியது.
பாதுகாப்புக்கு என்று வந்தது
பழையதையும் விடாமல், புதியதையும் சேர்த்துக்கொண்டு
காலை நீட்டிப் படுத்துவிட்டது.
ஒண்ட வந்த பிடாரி.
நூற்றிருபது ஜிபியில் மீதம்
இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
சிவப்புக் கோடு. எள் விழ இடமில்லை.
இன்வாய்ஸ் அச்சாகவில்லை.
துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி
மூடிய தார்ப்பாயோடு வாசலில் நிற்கிறது,
ஓட்டுநர் அதிலேயே தூங்குகிறார்.

முதலாளி எல்பியோ போனில் சொன்னார்:
"எதையும் அழிக்காதே, நிபியா.
இடம் மட்டும் உண்டாக்கு."
சரி என்றேன்.
இந்தத் தொழிலில் முதலில் சொல்லும் பொய் அதுதான்.

பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி
மாத்தே உறிஞ்சிக்கொண்டு தொடங்கினேன்.
தற்காலிகம் என்ற பெயரில்
ஏழு வருடம் குடியிருந்தவை: போயின.
குப்பைத்தொட்டியில் யாருடைய கல்யாணமோ,
நானூறு படங்கள்.
மணமகனைத் தெரியவில்லை, கேக் நன்றாயிருந்தது.
மனம் கேட்காமல் என் பென்டிரைவில் போட்டுக்கொண்டு
அங்கே அழித்தேன்.
அப்டேட்டின் மிச்சங்களைத் துடைக்கச் சொன்னேன்;
பத்து சதவீதத்தில் நின்று
நாற்பது நிமிடம் யோசித்தது.
வெளியே மழை வந்து போய், மறுபடி வந்தது.
கிடைத்தது மூன்று ஜிபி.
விடியலுக்குப் போதும். மாதக் கடைசிக்குப் போதாது.

பிறகு கோப்புகளை
கனமானது முதலில் என்று வரிசையில் நிறுத்தினேன்.
முதலில் நின்றது, நாற்பத்தோரு ஜிபி.
ஒரே கோப்பு. படமில்லை, ஒலியில்லை, வெறும் எழுத்து.
திறக்க மறுத்தது. வாலை மட்டும் அறுத்துப் படித்தேன்:

தராசை அழைக்கிறேன்.
தராசு பதில் தரவில்லை.
தராசை அழைக்கிறேன்.
தராசு பதில் தரவில்லை.

பத்து விநாடிக்கு ஒருமுறை,
தேதியோடு, முகவரியோடு, பிழையின் முழு விவரத்தோடு
ஒன்பது ஆண்டுகள்.
பண்டிகை நாளிலும். மின்சாரம் போய் வந்த மறு நிமிடத்திலும்.
அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேனே,
அது கடைசியாக ஏறிய பயணிதான்.
பேருந்தை நிரப்பியது இது.

முதல் வரியில் எழுதியவர் பெயர்:
வாஷிங்டன் பென்டான்கோர்.
வேலையை விட்டுப் போனவர்.
மணி பதினொன்று ஆகியும் போனை எடுத்தார், சிரித்தார்.
"இன்னுமா கூப்பிடுகிறது?"
பின் சொன்னார்: "அந்தத் தராசு என் தோட்டத்தில்தான் இருக்கிறது.
ஆரஞ்சு நிறுக்கிறேன்.
மூட்டைக்கு நாலு கிலோ குறைத்துக் காட்டும்,
எனக்குப் பழகிவிட்டது."

ஆலையில் இருந்தபோதும் அப்படித்தானா
என்று கேட்டேன்.

அவர் பக்கத்திலும் மழை. தகரக் கூரை போலிருக்கிறது.
"பெண்ணே," என்றார்,
"நான் எல்லாவற்றையும் பதிவு செய்தேன்.
அதை மட்டும் செய்யவில்லை."

அழைப்பதை நிறுத்தினேன்.
பதிவை அழித்தேன். உறுதியா என்று கேட்டது,
இரண்டு முறை.
சிவப்புக் கோடு நீலமாகிக் குறுகியது.
சர்வரின் விசிறி, நான் வந்ததிலிருந்து முதல்முறையாக,
இருக்கிறதா என்று தேடும்படி அடங்கியது.

அந்த அமைதியில் அச்சுப்பொறி தானாக விழித்து
வெள்ளிக்கிழமைத் தாளைத் துப்பியது:
கழுவிய கம்பளி,
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.
அந்த எண்ணையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.